ஐந்நூற்று ஒன்றாம் யூனிட்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில், ஜாவா ஆய்வகத்தின் முதல் பயிற்சி கரண்ட் பில் போடுவது. மூலபாடம் இது: வீட்டுக்கு முதல் 100 யூனிட் ஒரு ரூபாய், 101 முதல் 200 வரை இரண்டரை, 201 முதல் 500 வரை நான்கு, 501-க்கு மேல் ஆறு. கடைக்கு முறையே 2, 4.50, 6, 7. இதற்கு உரை கண்டவர்கள் எண்ணிறந்தோர். அனைவரும் ரெக்கார்டு நோட்டில் கைப்பட எழுதியவர்கள். அநேகமாகச் சீனியர் அண்ணன் நோட்டைப் பார்த்து. ஏடு பெயர்த்தெழுதிய காலத்துப் பிழைகள் அத்தனையும் இங்கே உயிரோடு இருக்கின்றன.

நாம் எடுத்துக்கொண்டது பந்தல்குடிப் பிரதி. அட்டையில் படிந்த சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி ஊரை ஐயமற நிறுவுகிறது.

முதல் சிக்கல், பெயர். ஸ்கேனரின் நெக்ஸ்ட்இன்ட் இணைப்பு எண்ணை வாங்கிக்கொள்கிறது. எண்ணுக்குப் பின் தட்டிய என்டரைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அடுத்து வரும் நெக்ஸ்ட்லைன் அந்த மிச்சத்தையே பெயரென்று எண்ணி நகர்ந்துவிடுகிறது. ஆகவே இப்பிரதிப்படி பந்தல்குடியில் மீட்டர் உண்டு, ஆள் இல்லை. 2004-இல் ஜாவா 5-உடன் ஸ்கேனர் வந்தது முதல் இதே கதைதான்.

அடுத்தது, வீடா கடையா என்னும் விவாதம். இரு சொற்களின் எழுத்துகள் ஒன்றா என்று பார்க்க ஈக்வல்ஸ் இருக்கிறது. பிரதிகாரர் இரட்டைச் சமக்குறி போட்டிருக்கிறார். அது எழுத்தைப் பார்க்காது. இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டும் கேட்கும். ‘டொமஸ்டிக்’ என்று எத்தனை முறை தட்டினாலும் நிரல் நம்பாமல் ‘எல்ஸ்’ பக்கம் தள்ளி, 500 யூனிட்டுக்கு 1550 ரூபாய்க்குப் பதில் 2450 கேட்கிறது. வீட்டு மீட்டரில் கடை நடத்துவோருக்கு உரிய தண்டம், கடையே வைக்காதவர் தலையில்!

இவை சில்லறை. பெரும்பிழை மூலத்திலேயே இருக்கிறது. இப்பிரதியில் வீட்டுக் கட்டணம் கணக்கிடும் மெத்தடை மட்டும் பிரித்தெடுத்து, ‘ஃபார்’ லூப்பில் 0 முதல் 600 யூனிட் வரை ஓட்டினோம். 500-க்கு 1550 வந்தது. 502-க்கு 1562 வந்தது. 501-க்குச் சுழி. காரணம், 500 வரை ஒரு விதி, 501-க்கு ‘மேல்’ ஒரு விதி. நடுவில் நிற்கும் 501 எந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை. கடைசி இஃப்பை எழுதச் சோம்பி ‘எல்ஸ்’ என்று முடித்தவர்கள் தப்பினார்கள். தொகைக்குச் சுழி கொடுத்துவிட்டு, மூலத்துக்கு விசுவாசமாக நாலு இஃப்பும் எழுதியவர்களே மாட்டினார்கள்.

‘சென்ற மாத ரீடிங்’ என்று மூலம் சொல்வது இடைச்செருகல் என்பது நம் துணிபு. தமிழ்நாட்டில் ரீடிங் எடுக்க வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

களத்தில் 501-இன் கதை நேர்மாறு. முதல் 100 யூனிட் இலவசம் போக, 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாயாக இருந்தது. 501 ஆனதும் பட்டியலே மாறி 1958 ஆனது. கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! சித்திரை வெயிலில் ரீடிங் எடுப்பவர் நாலு நாள் பிந்தினால், கரிசல்காட்டு வீடுகளில் ஃபேன் ஓடுவதும் குடும்பப் பிரச்சினையாகிவிடும்.

ஆதலால் பாடம் திருத்துவோருக்கு ஒரு விண்ணப்பம்: 501-க்கு முன்னுள்ள ‘>’ குறியோடு ஒரு சமக்குறி சேருங்கள். மின்வாரியத்தாருக்குத் தனி விண்ணப்பம்: பந்தல்குடிப் பாடத்தை அப்படியே ஏற்கலாம், எங்களுக்கு ஆட்சேபமில்லை.