தலதா நகரில் சிலுவை

கேள்வி: பழைய உரோமை நகரில் ஆதிக் கிறித்தவர் வாழ்ந்ததுபோல, வேற்றுச் சமயத்தார் நடுவே ஒரு சிறு கிறித்தவச் சமூகம் கண்டியில் வாழ்ந்ததுண்டா?

பதில்: உண்டு, ஆனால் உரோமையில் வேற்றுச் சமயத்து அரசு கிறித்தவரை வருத்தியது, இலங்கையிலோ கத்தோலிக்கரை வருத்தியவர்கள் கிறித்தவரான ஒல்லாந்தர், அடைக்கலம் தந்தவர் தலதா எனப்படும் புத்தரின் தந்தத்தைப் போற்றிக் காத்த கண்டி மன்னர். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களை விரட்டியதால், மறைப்பணிக்கு ஆளின்றித் தவித்த மக்களைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகள், 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். காவலில் இருந்தபடியே அவர் ஒரு கொட்டில் அமைத்துத் திருப்பலி, அதாவது அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கும் வழிபாட்டை, நடத்தினார்; நகரிலிருந்த கத்தோலிக்கர் அங்கே கூடினர்.

அச்சமூகத்தின் மீது நகரத்தார் கொண்ட மதிப்புக்கு, சமய விவாதத்தைவிட 1697இல் பரவிய வைசூரியே பெருங்காரணம் எனலாம். உறவினரே அஞ்சி நோயாளிகளைக் கைவிட்ட நாட்களில், வாஸ் அடிகள் சமயம் பாராது அவர்களுக்கு உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். பேரரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு அளித்த வழிபாட்டு உரிமை, அக்கால ஐரோப்பிய அரசுகள் பலவற்றில் காணக் கிடைக்காத பெருந்தன்மையாகும். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே மறைந்த அவரை, 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.