நீயே போதுமா, கண்ணு?

கேள்வி: அக்கா, ‘கேர்ள், வாஷ் யுவர் ஃபேஸ்’ புத்தகத்தைத் தோழி கொடுத்தாள். கிறிஸ்தவப் பதிப்பகம் போட்டதுதான். ஆனால் சபையில் ஒரு பெரியம்மா, “அதைத் தொடாதே” என்கிறார். என்ன செய்ய?
– வாசகி, பல்லடம்

பதில்: படித்துவிட்டு அந்தப் பெரியம்மாவோடு உட்கார்ந்து பேசுங்க, கண்ணு. 2018-ல் ரேச்சல் ஹாலிஸ் எழுதியது, தாமஸ் நெல்சன் வெளியீடு. பெரியம்மாவின் கவலை அமெரிக்காவிலும் உண்டு. கிறிஸ்தவ இசைக்குழுவில் பாடிய அலிசா சில்டர்ஸ், மரபு வழுவாத விசுவாசி, அந்த நூலைக் கடுமையாக விமர்சித்தார். 2022-ல் ‘லிவ் யுவர் ட்ரூத் அண்ட் அதர் லைஸ்’ என்று தனிப் புத்தகமே எழுதினார். உன் சந்தோஷம் உன் கையில்தான் என்று தொடங்கினால் கிருபைக்கு இடம் எங்கே என்பது அவருடைய கேள்வி. எனக்கும் அதே கேள்விதான். பகலெல்லாம் தறிக்குடோனில் நின்று, வீட்டுக்கு வந்து சோறாக்கி, பிள்ளைக்கு வீட்டுப்பாடமும் சொல்லிக்கொடுக்கிற அம்மிணியிடம் “நீயே போதும்” என்றால், மூன்றாவது ஷிப்டும் அவள் தலையில்தானே விழுகிறது?

கேள்வி: ஹாலிஸுக்கே விவாகரத்து ஆகிவிட்டதாமே?
– வாசகர், சூலூர்

பதில்: 2020-ல் பிரிந்தார்கள். அது அவர் வீட்டு வலி. புத்தகத்தில் குறை இருந்தால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுங்க, அவர் குடும்பத்தை விட்டுவிடுங்க.

கேள்வி: மாமியாருக்கு ஓர் அறிவுரைப் புத்தகம் வாங்கித் தரலாமா?
– புதுமருமகள், அவிநாசி

பதில்: சேலை வாங்கித் தாங்க. மூத்த பெண்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது தீத்து நிருபம். அவரிடமே கேட்டுவிட்டால் புத்தகக் காசும் மிச்சம்.

கேள்வி: பெண்ணியமே வேண்டாம், ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற வசனம் போதும் என்கிறார் என் வீட்டுக்காரர்.
– வாசகி, சோமனூர்

பதில்: எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை 22-ம் வசனத்தோடு மூடிவிட வேண்டாம் என்று சொல்லுங்க. 21-ல் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லியிருக்கிறது. 25-ல், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்த அளவுக்குப் புருஷன் மனைவியை நேசிக்க வேண்டும் என்றிருக்கிறது. அந்த அதிகாரத்தில் அவருக்குத்தான் பாடம் அதிகம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சபைகள் வாய்மூடி இருந்த இடத்தில் பேசியவர்களை நாம் மதிக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் வருடத்து விவாகரத்துச் சட்டத்தில் கணவன் மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் போதுமாயிருந்தது. மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் அதைத் திருத்தியது 2001-ல்தான். திருவாங்கூரில் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், சிரியன் கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்று சட்டம் இருந்தது. அதை எதிர்த்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் வழக்கை ஜெயித்தார். அறிவுரைப் புத்தகத்தை நான் குறை சொல்வேன். மேரி ராயை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

கேள்வி: வேதத்தில் வரும் நல்ல பெண் வீட்டோடு இருப்பவள்தானே?
– வாசகர், திருப்பூர்

பதில்: நீதிமொழிகள் 31-ஐ வாசிங்க. அவள் கம்பளியும் சணலும் தேடி நூற்கிறாள், நிலம் பார்த்து வாங்குகிறாள், கச்சை தைத்து வியாபாரிக்கு விற்கிறாள். அப்போஸ்தலர் 16-ல் வரும் லீதியாள் இரத்தாம்பரத் துணி விற்றவள், பவுலைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தவள். அவளைப் பல்லடத்தில் இறக்கிவிட்டிருந்தால் மறுநாளே கடை போட்டிருப்பாள்! ஆனால் ஒன்று கவனிங்க. நீதிமொழிகள் சொல்லும் அந்தப் பெண்ணுக்கு வேலைக்காரிகள் உண்டு, நம்புகிற புருஷன் உண்டு, எழுந்து வாழ்த்துகிற பிள்ளைகள் உண்டு. தனியாகச் சுமக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் யாரைப் படிக்கலாம்?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: பண்டித ரமாபாய். கேட்காவில் முக்தி மிஷன் தொடங்கி, விதவைகளுக்கும் பஞ்சத்தில் தப்பிய சிறுமிகளுக்கும் கூரையும் கைத்தொழிலும் கொடுத்தவர். பைபிள் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தவர்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். பொறுமையாக ஜெபம் பண்ணு என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம்

பதில்: ஜெபம் பண்ணுங்க, 181-க்கும் போன் பண்ணுங்க. 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். தனியாகப் போக வேண்டாம், அம்மிணி. பொறுத்துப்போகச் சொன்னவர்களில் ஒருவரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்க.