பெயர் வேண்டாம், ப்ளீஸ்!

இந்த வாரத் தபாலில் அத்தனை பேரும் முன்தோல் அறுவை சிகிச்சை பற்றியே கேட்டிருக்கிறார்கள். எல்லாக் கடிதத்தின் அடியிலும் 'பெயர் வேண்டாம்'. சரி, ஊர் மட்டும்.

நெய்வேலி: 'லேசர் சுன்னத், 10 நிமிடம், தையல் கிடையாது' என்று விளம்பரம் பார்த்தேன். நிஜமா?

10 நிமிடம் ஏறக்குறைய நிஜம். தையல் இல்லை என்பதும் நிஜம். லேசர்தான் பல இடங்களில் விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது. உள்ளே டாக்டர் கையில் எடுப்பது ஸ்டேப்ளர். ஊசி போட்டு மரத்துப்போக வைத்தபின், மணி வடிவ மூடி ஒன்றை மொட்டின்மேல் கவிழ்த்து, முன்தோலை அதன்மீது இழுத்துக் கட்டுவார்கள். கைப்பிடியை அழுத்தியதும் வட்டக் கத்தி தோலை வெட்டும். அதே நொடியில் பொடிப்பொடி உலோகப் பின்கள் சுற்றிலும் குத்தி மூடும். ஆக, வெட்டுவது நம்ம பழைய கத்திதான்!

வடலூர்: அப்படியானால் கூடுதல் காசு எதற்கு?

நேரமும் ரத்தமும் மிச்சம், வெட்டும் வட்டமாக விழும். பின்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தானே உதிரும். உதிராமல் அடம்பிடிப்பதை டாக்டர்தான் எடுக்க வேண்டும். கருவியின் அளவு தப்பினால் ரத்தம் கட்டும். கருவி ஒருவருக்கு ஒரு முறைதான். பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.

சேத்தியாத்தோப்பு: வயது 48. முன்தோலில் அடிக்கடி வெடிப்பு, எரிச்சல். பின்னுக்குத் தள்ளவே முடியவில்லை. எந்த மெஷின் நல்லது?

குளுக்கோமீட்டர். உங்கள் ஊர் எம்.ஆர்.கே. கரும்பாலையில் சர்க்கரை இருக்கலாம், உங்கள் ரத்தத்தில் ஏறக் கூடாது. நடுவயதில் புதிதாக வரும் இந்த வெடிப்பும் இறுக்கமும் பலருக்குச் சர்க்கரை நோயின் முதல் தந்தி. அதைப் பார்க்காமல் வெட்டினால் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

புவனகிரி: மகனுக்கு 2 வயது. தோல் பின்னுக்கு வரவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாமா?

அவன் பாட்டுக்கு விளையாடட்டும், விடுங்கள். பிறக்கும்போது முன்தோல் ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத் தானே பிரியும். குளிப்பாட்டும்போது பலவந்தமாக இழுத்தால் தழும்பாகி நிஜமாகவே இறுகிவிடும். வளர்ந்த பிறகும் இறுக்கம் நீடித்தால் டாக்டர் தரும் ஸ்டீராய்டு களிம்பிலேயே பலருக்குச் சரியாகிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் யாரையும் வெட்ட விடாதீர்கள். அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும்.

லால்பேட்டை: எங்கள் காலத்தில் நாவிதர் வீட்டுக்கே வருவார். இப்போது பேரனுக்கு 'ரிங்' என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், செய்பவர் தெரிந்தவராக இருந்தால். அந்த 'ரிங்'கான பிளாஸ்டிபெல் 1950களிலேயே வந்த சரக்கு. வளையத்தின்மேல் நூலை இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் தானே விழும். பாட்டிமார் இழுத்துப் பார்க்கக் கூடாது! ஆனால் ரிங்கைப் பற்றி விசாரிக்கும் முன் பிள்ளையின் தாய்மாமனைப் பற்றி விசாரியுங்கள். ரத்தம் உறையாத ஹீமோபிலியா தாய்வழியில் வருவது. பல் பிடுங்கியபோது மாமனுக்கு ரத்தம் நிற்கவில்லை என்றால், முதலில் ரத்தப் பரிசோதனை, பிரியாணி அப்புறம்.

சிதம்பரம்: செய்துகொண்டால் எய்ட்ஸ் வராதாமே?

யார் சொன்னது? பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைவதாக ஆப்பிரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகள் காட்டின. அதை வைத்து 2007இல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மிச்சம் 40ஐ என்ன செய்வீர்கள்? ஆணுறை, ஐயா, ஆணுறை.

விருத்தாசலம்: பீங்கான் பட்டறையில் வேலை. எப்போது பைக் எடுக்கலாம்?

உட்கார்ந்த வேலைக்கு இரண்டு மூன்று நாள் போதும். களிமண் மூட்டை தூக்க, பைக் ஓட்ட, ஒரு வாரமாவது பொறுங்கள். தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம்.

பரங்கிப்பேட்டை: இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

நோய்க்கென்றால் பெரும்பாலும் உண்டு, சடங்குக்கென்றால் இல்லை. கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம், அரசு மருத்துவமனையில் கத்தியும் நூலுமாகச் செய்வதும் நல்ல சிகிச்சைதான்.

ஸ்ரீமுஷ்ணம்: வீட்டுக்கு வந்தபின் எதற்குப் பயப்பட வேண்டும்?

லேசான வீக்கத்துக்குப் பயம் வேண்டாம். கட்டு நனைய நனைய ரத்தம், சிறுநீர் வராமை, மொட்டு கறுத்துப்போதல், காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.