செவுள் பார்க்கும் உரிமை

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வஞ்சிரம் வாங்க வருகிறவர், செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார். மீன்காரம்மாவும் "நல்லா பாத்துக்க கண்ணு" என்பார். "அது மீனின் அந்தரங்கம்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படிச் சொல்ல அரசு உத்தியோகம் வேண்டும். அரசு ஊழியர் வாங்கிய மெமோவும் தண்டனையும் அவருடைய தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், பெரிய பொதுநலன் இருந்தால் மட்டும் தரலாம் என்றது. போலீஸ்காரரின் லத்தி நம் முதுகில் விழுந்தாலும், அதற்கு வாங்கிய தண்டனை அவருடைய சொந்த விஷயம்.

2020-இல் காவல் மரணத்தை விசாரிக்கச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குப் போன மாஜிஸ்திரேட், கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஹார்டு டிஸ்க்கோ 1 டெராபைட்! இடமில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அதே ஆண்டு டிசம்பரில், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, போலீஸ் மீது யாரிடம் புகார் சொல்வது? மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் 2013 சட்டம், காவல் துறையைக் கவனிக்கும் உள்துறைச் செயலாளரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. அலைச்சல் மிச்சம்.

தகவல் கேட்டு மனு போடுகிறவர்கள் 10 ரூபாயோடு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவையும் மறக்காமல் எழுதுங்கள். பொதுநலன் என்ற சொல் இன்னும் அங்கே இருக்கிறது.