மாட்ப்ரோப் மாமணி

லினக்ஸ் சர்வர் ஓடும் அலுவலகம் எதுவானாலும் அங்கே மாட்ப்ரோப் மாமணி ஒருவர் இருப்பார். இந்தப் பட்டத்தை யாரும் மேடை போட்டு வழங்குவதில்லை. நெட்வொர்க் கார்டு எழுந்திருக்காத ஏதோ ஒரு திங்கட்கிழமை காலையில் அது தானாகவே அவர்மேல் வந்து அமர்ந்துவிடும். சர்வர் பூட் ஆகிவிட்டது, நெட்வொர்க் இல்லை, நாலைந்து பேர் திரையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாமணி வந்ததும் கூட்டம் விலகும். நாற்காலியில் உட்காரக்கூட மாட்டார். நின்றபடியே ‘சூடோ மாட்ப்ரோப்’ என்று தட்டி, பக்கத்தில் டிரைவரின் பெயரைப் போட்டு, என்டரை மட்டும் சற்று ஓங்கி அடிப்பார். கார்டில் விளக்கு மினுக்கும். “வந்துடுச்சு பாருங்க சார்!” அப்படியானால் முதலில் ஏன் வரவில்லை என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டால், “சில நேரம் அப்படித்தான் தம்பி” என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். போகிற போக்கில் அதே கட்டளையை, பூட்டின்போது ஓடும் ஆர்.சி.லோக்கல் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தக் கோப்புதான் அவருடைய சுயசரிதை. கார்டு தயாராகச் சற்று நேரம் கொடுப்போமே என்று முதலில் ‘ஸ்லீப் 5’ என எழுதியிருப்பார்; பிறகு அது 10 ஆகியிருக்கும்; சர்வருக்கு வயது ஏற ஏற 30. எப்போதோ கழற்றிப் போட்ட கார்டுக்கும் ஒரு வரி இருக்கும், ‘தொடாதே’ என்ற எச்சரிக்கையோடு. சில டிரைவர்களுக்கு, அதாவது மாட்யூல்களுக்கு, இரண்டு வரிகள் உண்டு. ஏற்கெனவே லோடான மாட்யூலை மறுபடி கேட்டால் மாட்ப்ரோப் வாய் திறக்காமல் வெற்றி என்று திரும்பிவிடும். எனவே பலித்தது இரண்டாவது வரிதான் என்று அவர் நம்புவதற்குத் தடையேதும் இல்லை.

மாமணிக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. என் புகார் வேறு: கையில் அகப்பட்ட துப்பை அவர் தூக்கி எறிந்துவிடுகிறார். டிரைவர் தானாக லோடாவதில் மாயம் எதுவும் இல்லை. பிசிஐ கார்டு ஒவ்வொன்றுக்கும் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளத் தெரியும். தயாரிப்பாளர் எண், கருவி எண், வகை எண் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. இன்டெல் கார்டென்றால் தயாரிப்பாளர் எண் 8086. தான் 1978-இல் வெளியிட்ட சில்லின் பெயரையே அந்த நிறுவனம் எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஃபேன்சி நம்பர் மோகம் கார் வாங்குகிறவர்களோடு நின்றுவிடுவதில்லை. கெர்னல் இந்த எண்களையெல்லாம் கோத்து, மாடலியாஸ் என்னும் ஒற்றை வரியாக்கி, கருவிகளைக் கவனிக்கும் யூடெவுக்கு அறிவிக்கிறது. மறுபக்கம் ஒவ்வொரு டிரைவரும் தான் எந்தெந்த எண்களுக்குப் பொறுப்பு என்ற அட்டவணையைச் சுமந்துகொண்டிருக்கிறது. டெப்மாட் அவற்றைத் திரட்டி மாட்யூல்ஸ்.அலையாஸ் என்ற கோப்பில் எழுதிவைக்கிறது. அறிவிப்பும் பட்டியலும் பொருந்தினால் மாட்யூல் லோடாகும், அவ்வளவுதான். மாமணி இந்தச் சங்கிலி முழுவதையும் தாண்டிப்போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், மாட்யூலும் வந்துவிடுகிறது. அங்கேதான் அவர் நின்றிருக்க வேண்டும். கூப்பிட்டதும் வந்து கார்டும் வேலை செய்தது என்றால் என்ன அர்த்தம்? மாட்யூல் கோப்பு இருக்கிறது. டெப்மாட் அதைப் பதிந்திருக்கிறது. ஓடும் கெர்னலின் பதிப்போடு அது ஒத்துப்போகிறது. செக்யூர் பூட் கையொப்பம் கேட்டிருந்தால் அதுவும் செல்லுபடியாகியிருக்கிறது. ஃபர்ம்வேர் தேவைப்பட்டிருந்தால் கிடைத்திருக்கிறது. பின்வாசல் வழியாக அழைத்துவரப்பட்ட விருந்தாளி பந்தியில் உட்கார்ந்து மூன்றாம் முறை பாயசம் கேட்கிறார் என்றால் அவர் வயிற்றில் கோளாறு இல்லை. முன்வாசலில் நின்றவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த முன்வாசலில் சந்தேகத்துக்குரியவர்கள் வெகு சிலர். முதல் ஆள் பிளாக்லிஸ்ட். மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு மாட்யூலைத் தடைசெய்து எழுதினால், அந்தத் தடை எண்ணைக் கொண்டு வரும் அழைப்புக்கு மட்டும்தான்; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தடை குறுக்கே வராது. மாமணியின் கட்டளை பலிப்பதும் தானியங்கி ஏற்பாடு ஊமையாக இருப்பதும் பலமுறை இந்த ஒரே காரணத்தால்தான். அந்தத் தடைக் கோப்பைத் திறந்தால் எழுதியவர் பெரும்பாலும் மாமணியாகவே இருப்பார்: ஏதோ ஒரு பழைய மோதலைத் தீர்க்க எழுதி, மறந்து, இப்போது தன் கையெழுத்தோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இரண்டாவது ஆள் டிரைவரை எழுதியவர். எண் அட்டவணையை நிரலுக்குள் வைத்துவிட்டு, அதை வெளியே காட்டும் ‘மாட்யூல் டிவைஸ் டேபிள்’ வரியை விட்டிருப்பார். லோடான பிறகு டிரைவர் தன் கருவியை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் லோடு செய்யச் சொல்ல ஆளிருக்காது. இது கற்பனை இல்லை. கெர்னலின் மாற்றப் பதிவுகளில் ‘மாட்யூல் தானாக லோடாவதைச் சரிசெய்தல்’ என்ற பொருள்பட வந்த திருத்தங்கள் ஏராளம். அவற்றில் பல அந்த ஒரு வரியைச் சேர்ப்பதோடு முடிகின்றன. எந்த ஆள் என்று பிரித்தறிய, பெயருக்குப் பதிலாக, கெர்னல் கருவிகளின் விவரத்தைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள மாடலியாஸ் வரியையே மாட்ப்ரோப்பிடம் கொடுத்துப் பார்த்தால் போதும். ஒன்றும் லோடாகவில்லையென்றால் கோளாறு பட்டியலிலோ தடையிலோ இருக்கிறது. லோடாகிவிட்டால் அறிவிப்பு வந்த நேரத்தையும் யூடெவையும் பார்க்க வேண்டும். அதே விசைப்பலகையில், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

மாமணிக்காக வாதாடுவோர் உண்டு; அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பழக்கம் பழைய காலத்து அனுபவம் என்பார்கள். உண்மைதான். 1990-களின் என்ஈ2000 ஐஎஸ்ஏ கார்டுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தெரியாது. டிரைவரின் பெயரோடு கார்டின் முகவரியையும் மனிதர்தான் தர வேண்டியிருந்தது. அப்போது கையால் லோடு செய்வது கடமை. கெர்னல் 2.0 காலத்தில் மாட்யூல்களைத் தேவைப்படும்போது லோடு செய்யக் கெர்னல்டி என்று ஒரு பணியாள் இருந்தது, 1999-இல் வந்த 2.2-இல் அந்த வேலையைக் கெர்னலே ஏற்றுக்கொண்டது, 2003 டிசம்பரில் வந்த 2.6 காலத்தில் சிஸ்எஃப்எஸ்ஸும் யூடெவும் களம் இறங்கின. மாமணி மட்டும் ஐஎஸ்ஏ காலத்திலேயே நிற்கிறார். கார்டு பேசக் கற்றுக்கொண்டதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

“வேலை நடந்ததா இல்லையா?” என்பது அடுத்த வாதம். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் முதலில் எழுப்ப வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. நானும் அந்த நேரத்தில் மாமணியைத்தான் தேடுவேன். ஆனால் விடிந்த பிறகும் அந்த வரி அங்கேயே கிடப்பதுதான் தகராறு. ஆர்.சி.லோக்கல் ஓடுவது பூட்டின் கடைக்கோடியில். நெட்வொர்க்கை நம்பி அதற்கு முன்பே எழுந்த சேவைகள் ஏமாந்து விழுந்திருக்கும். அவற்றை மறுபடி கிளப்ப இன்னும் நாலு வரி, இன்னொரு ஸ்லீப். புதிய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் அந்தக் கோப்பே வருவதில்லை. டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவர் தானாக வராதபோது இந்த வைத்தியத்தின் எல்லை பளிச்செனத் தெரியும்: ஆர்.சி.லோக்கல் இருப்பதே அந்த டிஸ்க்கில்தான். அந்த டிரைவர், டிஸ்க் கிடைக்கும் முன்பே ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்ட வேண்டும். இதற்கெல்லாம் மாமணியிடம் உள்ள கடைசி அஸ்திரம், “ரீபூட் மட்டும் பண்ணிடாதீங்க!”

ஓர் இடத்தில் மட்டும் அவர் செய்வது முழுக்கச் சரி. ஐ2சி-டெவ் போன்ற மாட்யூல்களுக்குப் பின்னால் தன்னை அறிவித்துக்கொள்ளும் கருவி எதுவும் கிடையாது. அறிவிப்பில்லாமல் தானாக லோடாவது எப்படி? வெப்பமானிச் சில்லுகளைத் தேடித்தரும் சென்சார்ஸ்-டிடெக்ட் நிரலே, இன்னின்ன பெயர்களைப் பூட்டின்போது லோடாக வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று கேட்கும். அதற்கென்றே மாட்யூல்ஸ்-லோடு.டி அடைவு இருக்கிறது. பூட்டின் தொடக்கத்திலேயே படிக்கப்படும், ஸ்லீப் தேவையில்லை. உங்கள் அலுவலகத்து மாமணி நீண்ட விடுப்பில் போவதற்குள் அவரை ஒரு காபிக்கு அழைத்துப் போய், ஆர்.சி.லோக்கலின் ஒவ்வொரு வரியும் எந்தக் கருவிக்கு என்று கேட்டுப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பாதி வரிகளுக்கு அவருக்கே பதில் தெரியாது; அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ரீபூட் செய்து பாருங்கள். ஐ2சி-டெவ் வரி இருந்தால் அதை மட்டும் அழிக்காமல் மாட்யூல்ஸ்-லோடு.டிக்கு மாற்றிவிடுங்கள்.