கத்தரிக்காயும் சில மகாராணிகளும்

என்னோடு எட்டாம் வகுப்பில் கேத்தரின் என்று ஒரு பெண் படித்தாள். கணக்கு வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் பெயரைக் 'கத்தரீன்' என்றுதான் வாசிப்பார். அதுவும் ஒரே மூச்சில் வராது. 'கத்த...' என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வார். அந்த இடைவெளி போதும், கடைசி பெஞ்சிலிருந்து 'ரிக்காய்!' என்று குரல் வரும். வருடம் முழுக்க அவள் கத்தரிக்காய்தான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றாள். "எம்பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமாடா? தூய்மை! கிரேக்க பாஷை. எங்கப்பா சொன்னாரு." வகுப்பே கப்சிப். கிரேக்கத்தோடு போட்டி போட அன்றைக்கு எங்களில் யாருக்கும் வக்கில்லை.

எத்தனையோ வருடம் கழித்து விஷயத்தைத் தோண்டிப் பார்த்தேன். கேத்தரின், ஸாரி. உங்கப்பா சொன்னது டூப்ளிகேட். அவர் மேல் தப்பில்லை. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பா முழுக்க அந்த டூப்ளிகேட்டைத்தான் அசல் என்று விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மூலப்பெயர் ஐகத்தெரீனே. கிரேக்கப் பெயர்தான், சந்தேகமில்லை. ஆனால் அர்த்தம்? அங்கேதான் பண்டிதர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'இரண்டில் ஒவ்வொன்றும்' என்கிற சொல்லிலிருந்து வந்தது என்கிறது ஒரு கோஷ்டி. ரெண்டுல ஒண்ணு! பெண் குழந்தைக்கு வைக்கிற பெயரா இது? இன்னொரு கோஷ்டி, ஹெக்காத்தே என்ற தெய்வத்தைக் கைகாட்டுகிறது. மாயமந்திரம், இருட்டு, பேய்பிசாசு எல்லாம் அந்த அம்மாவின் இலாகா. அமாவாசை இருட்டில் முச்சந்தியில் அவளுக்குப் படையல் வைப்பார்கள். நம்மூரில் முச்சந்தியில் பூசணிக்காய் உடைக்கிறோமே, அந்த ரேஞ்ச். கத்தரிக்காய் என்று கத்திய நாங்கள், காய்கறி வரைக்கும் சரியாகத்தான் வந்திருக்கிறோம்.

'தூய்மை' எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் தூய்மைக்கு 'கத்தரோஸ்' என்று ஒரு சொல் உண்டு. அதில் வரும் 'த' காற்று கலந்த 'த'. லத்தீனில் எழுதினால் டி பக்கத்தில் ஒரு எச் போடவேண்டும். கேத்தரினின் பழைய பெயரில் அந்தக் காற்றும் இல்லை, எச்சும் இல்லை. லத்தீன்காரர்கள் பார்த்தார்கள். 'அட, கிட்டத்தட்ட ஒரே சத்தம்தானே' என்று பெயருக்குள் ஒரு எச்சைச் சொருகிவிட்டார்கள். முடிந்தது. முச்சந்திப் பெயர் ஒரே ராத்திரியில் துளசிமாடப் பெயர் ஆகிவிட்டது. நியூமராலஜி பார்த்துப் பெயரில் எழுத்துச் சேர்ப்பது நம்ம சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சரி, பெயரை உலகப் புகழ் ஆக்கியது யார்? அலெக்சாண்டிரியாவின் புனித கேத்தரின். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 18 வயசு. ராஜகுலம், அழகி, படிப்பாளி. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்துகிற மாக்சென்டியஸ் சக்கரவர்த்தியின் முன்னால் போய் நின்று 'நீ செய்வது தப்பு' என்றாள். அவன் 50 தத்துவ அறிஞர்களை வரவழைத்து அவளோடு பட்டிமன்றம் வைத்தான். 50 பேரையும் ஜெயித்துவிட்டாள். இதுவரைக்கும் நம்பலாம். தோற்ற 50 அறிஞர்களும் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள் என்று கதை சொல்கிறது பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அப்புறம் அவளை முள்சக்கரத்தில் கட்டப் போனார்கள். சக்கரம் சுக்குநூறானது. தலையை வெட்டினார்கள். ரத்தத்துக்குப் பதில் பால் வந்தது. தேவதைகள் உடலைத் தூக்கிக்கொண்டு சினாய் மலைக்குப் பறந்தார்கள். எல்லாம் சரி, நிஜ மாக்சென்டியஸ் ஆண்டது ரோமை. எகிப்து அவன் கையிலேயே இல்லை. அவள் இறந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பிறகு சில நூற்றாண்டுகள் யாரும் அவளைப் பற்றி ஒரு வரி எழுதிவைக்கவில்லை. 50 அறிஞர்கள் கூடிய சபையில் குறிப்பெடுக்க ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை போல.

அதே அலெக்சாண்டிரியாவில் நிஜமாகவே ஒரு பெண் அறிஞர் இருந்தார். ஹைபேஷியா. கணிதம், தத்துவம் கற்பித்தவர். 415-இல் ஒரு கும்பல் அவரைக் கொன்றது. கொன்றது கிறிஸ்தவக் கும்பல். இவருடைய கதையைத்தான் திருப்பிப்போட்டுக் கேத்தரினை உருவாக்கியிருக்கவேண்டும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மையென்றால், ஆளைக் காலிபண்ணிய கட்சியே அவருடைய பயோடேட்டாவில் பெயரை மட்டும் மாற்றித் தன் வேட்பாளராக நிறுத்தியிருக்கிறது.

1969-இல் கத்தோலிக்கத் தலைமை கணக்குவழக்கைத் தூசுதட்டியது. ஆதாரம் இல்லாத புனிதர்களின் திருநாள்களை ரோமானிய நாள்காட்டியிலிருந்து நீக்கினார்கள். கேத்தரினும் போனாள். 2002-இல் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். 33 வருட சஸ்பென்ஷன். அரியர்ஸ் கொடுத்தார்களா என்று எங்கும் தகவல் இல்லை.

ஆனால் இந்த 'இருந்தாளா இல்லையா' பெண் செய்த வேலைகளைப் பாருங்கள். ஜோன் ஆஃப் ஆர்க்கின் காதில் வந்து பேசிய குரல்களில் ஒன்று கேத்தரினுடையது, இன்னொன்று புனித மார்கரெட்டுடையது. ஃபியர்பா என்ற ஊரில் கேத்தரின் கோயில் பீடத்துக்குப் பின்னால் ஒரு வாள் கிடக்கிறது, தோண்டு என்றது குரல். தோண்டினார்கள், கிடைத்தது. விசாரணையில் 'மார்கரெட் இங்கிலீஷில் பேசுவாளா?' என்று கேட்டார்கள். 'அவள் இங்கிலீஷ்காரன் கட்சியே இல்லையே, எதுக்கு இங்கிலீஷ் பேசணும்?' என்கிற தொனியில் பதில் சொன்னாள் ஜோன். 1969-இல் மார்கரெட்டுக்கும் சீட்டுக் கிழிந்தது. ஊர்பேர் நிச்சயமில்லாத இருவரின் பேச்சைக் கேட்டு, நிஜமான ஒரு பெண் நிஜமான இங்கிலாந்துப் படையை 1429-இல் ஆர்லியான்ஸிலிருந்து நிஜமாகவே விரட்டியிருக்கிறாள்.

கல்யாணமே வேண்டாம் என்று உயிரைவிட்டவள் கேத்தரின். அவளிடம் போய் பிரான்ஸ் தேசத்துப் பெண்கள் என்ன கேட்டார்கள்? மாப்பிள்ளை! 25 வயசாகியும் கல்யாணமாகாத பெண்கள் நவம்பர் 25 அன்று, அவள் திருநாளில், மஞ்சளும் பச்சையுமாகத் தொப்பி போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். பாரிஸ் தையல் நிறுவனங்களில் அது ஒரு திருவிழா. சிரிக்காதீர்கள். மனுஷனைக் கட்டவே மாட்டேன் என்ற ஆண்டாளின் பாசுரங்களை, நல்ல வரன் அமையட்டும் என்று மார்கழிக் குளிரில் பெண்ணை எழுப்பிப் பாடவைக்கிற ஊர் இது.

அந்த உடைந்த சக்கரமும் சும்மா போகவில்லை. குச்சியில் மாட்டிச் சுற்றவிடுகிற மத்தாப்புக்கு இங்கிலீஷ்காரன் கேத்தரின் வீல் என்று பெயர் வைத்தான். அதே சாதியில் நம் தீபாவளிக்கு வருவது விஷ்ணு சக்கரம். கம்பெனிதான் வேறு.

இனி ராஜவம்சம். எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிகள். மூணு கேத்தரின், ரெண்டு ஆன், ஒரு ஜேன். தூக்கத்தில் உளறினால்கூட மனுஷனுக்குப் பாதி மார்க் நிச்சயம். முதல் கேத்தரின் ஸ்பெயின் இளவரசி. அந்தப் பெயர் அவருக்கு வந்ததோ இங்கிலாந்திலிருந்து ஸ்பெயினுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன கொள்ளுப்பாட்டியிடமிருந்து. இந்த ராணிக்குப் பணிவிடை செய்த தோழி ஒருத்திக்குப் பெண் பிறந்தது. ராணியின் நினைவாகவே குழந்தைக்குக் கேத்தரின் என்று பெயர் வைத்தார்கள் என்பார்கள். அதுதான் கேத்தரின் பார், ஹென்றியின் ஆறாவது மனைவி. பெயரோடு புருஷனையும் சேர்த்து வாங்கிக்கொண்ட ஒரே குழந்தை.

போர்ச்சுகலின் கேத்தரின் பிரகான்சா 1638-இல் பிறந்ததும் சரியாக நவம்பர் 25-இல்தான். 128 வருடம் முன்னால், 1510-இல், போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்ததும் அதே தேதியில். அதனால்தான் பழைய கோவாவின் பெரிய கதீட்ரல் புனித கேத்தரின் பெயரில் நிற்கிறது. 1662-இல் இந்த அம்மாவை இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சீர்வரிசையில் பம்பாயும் வந்தது. மாப்பிள்ளை என்ன செய்தார்? 1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருடம் 10 பவுன் வாடகைக்குத் தூக்கிக் கொடுத்தார். மாமனார் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் விற்ற மருமகன்களைப் பார்த்திருக்கிறேன். ஊரையே வாடகைக்கு விட்டவர் இவர் ஒருத்தர்தான்.

ரஷ்யாவுக்கு வருவோம். அங்கே கேத்தரின் என்று இரண்டு பேரரசிகள். இரண்டு பேருமே கேத்தரின் இல்லை.

முதலாமவரின் நிஜப்பெயர் மார்த்தா. லிவோனியாவில் ஒரு பாதிரியார் வீட்டு வேலைக்காரப் பெண். 1702-இல் ரஷ்யப் படை ஊரைப் பிடித்தபோது அகப்பட்டு, தளபதி, அமைச்சர் என்று கைமாறி, கடைசியில் மகா பீட்டரிடமே வந்துசேர்ந்தார். மதம் மாற்றி எகத்தெரீனா என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யாவில் பெயரோடு தகப்பன் பெயரும் ஒட்டவேண்டும். ஞானத்தகப்பனாக நின்றவன் பீட்டரின் மூத்தாள் மகன் அலெக்சேய். ஆகவே எகத்தெரீனா அலெக்சேயெவ்னா. அதாவது, கட்டிக்கொள்ளப்போகிறவரின் மகன்தான் இவருக்கு அப்பா! 1,500 எபிசோடு ஓட்டுகிற மெகா சீரியல்காரர்கள்கூட இந்த இடத்துக்கு வரப் பயப்படுவார்கள். எழுதப்படிக்கத் தெரியாத இந்த மார்த்தா 1725 முதல் 1727 வரை ரஷ்யாவை ஆண்டார். எகத்தெரின்பர்க் நகரம் இவர் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டாமவர்தான் உலகம் அறிந்த மகா கேத்தரின். 1729-இல் பிறந்த ஜெர்மன் இளவரசி சோஃபி. பிறந்த ஊர் இன்றைக்குப் போலந்தில். சோஃபியா என்பது ரஷ்யாவிலும் புழங்குகிற பெயர்தான். ஆனால் மகா பீட்டரை எதிர்த்து மடத்தில் அடைபட்ட அவருடைய அக்காவின் பெயரும் சோஃபியா. அரண்மனையில் அது ராசியில்லாத பெயர். அதனால் 1744-இல் பேரரசி எலிசபெத் தன் அம்மாவின் பெயரை, அதாவது நம்ம மார்த்தாவின் பெயரை, வருங்கால மருமகளுக்கு வைத்தார். எகத்தெரீனா அலெக்சேயெவ்னா. பெண்ணின் அப்பா பெயர் கிறிஸ்டியன், அலெக்சேயே இல்லை, அதனால் என்ன? போன தலைமுறை ரேஷன் கார்டில் போட்டோவை மட்டும் மாற்றி ஒட்டினார்கள்.

1762-இல் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்து அம்மையார் ஆட்சியைப் பிடித்தார். சில நாளில் கணவர் காலி. அரசாங்க அறிவிப்பு: மூலநோய் முற்றியதால் மரணம். பிரெஞ்சு அறிஞர் தாலம்பேரை மகனுக்கு வாத்தியாராக வரச்சொல்லி அம்மையார் அழைத்தார். 'எனக்கு மூலம் உண்டு. உங்கள் நாட்டில் அது ரொம்ப ஆபத்தாமே' என்று நண்பரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார் அந்தப் புத்திசாலி.

1767-இல் சட்டமன்றம் மாதிரி ஒன்றைக் கூட்டினார். வந்தவர்கள் முதல் வேலையாக அவருக்கு 'மகா' என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். 'வேண்டாம், வருங்காலம் தீர்மானிக்கட்டும்' என்று மறுத்தார். பதவி ஆசையே இல்லை, கட்சி விரும்பினால் ஏற்பேன் என்கிற பேட்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த அடக்கத்தின் அர்த்தம் புரியும். வருங்காலமும் கொடுத்துவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையிலும் ஒரு கேத்தரின் உண்டு. கண்டி ராஜ்யத்தின் குசுமாசன தேவியைப் போர்ச்சுகீசியர் வளர்த்து, ஞானஸ்நானம் கொடுத்து, டோனா கத்தரீனா ஆக்கினார்கள். 1594-இல் படையோடு கூட்டிப்போய்ச் சிம்மாசனத்தில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். படை மொத்தமும் அழிந்தது. ஜெயித்த விமலதர்மசூரியன் அவரையே மணந்து அரியணையை உறுதிசெய்துகொண்டார். அவருக்கும் போர்ச்சுகீசியர் முன்பு வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆஸ்திரியாவின் டாம் ஜுவான். கண்டி மலையில், ஆஸ்திரியாவுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் கல்யாணம்.

இதற்குள் பெயர் ஊர் ஊராகத் தேய்ந்துவிட்டது. ரஷ்யாவில் காத்யா, போலந்தில் காசியா, ஸ்வீடனில் கரின், பின்லாந்தில் கய்சா, ஸ்பெயினில் கத்தலீனா, இங்கிலாந்தில் கேட், கிட்டி, நம் தெற்கத்திச் சீமையில் கத்தரீனம்மாள். அயர்லாந்தில் ஒரே பெயரைக் கேட்டு எழுதியவன் காத்லீன் என்று எழுதினான். ஐரிஷ் எழுத்தைப் பார்த்துப் படித்த அமெரிக்கன் கெய்ட்லின் என்று படித்தான். இப்போது அக்கா காத்லீன், தங்கச்சி கெய்ட்லின் என்று ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால், அவர்களுக்குள் இங்க்-பேனா சண்டை வரும்போதாவது பெயர் ஒன்றுதான் என்று யாராவது சொல்லவேண்டும்.

டென்மார்க்கில் தேய்ந்த வடிவம் கரேன். தெரிகிறதா? கடையில் நின்று 'மேனேஜரைக் கூப்பிடு' என்று கத்துகிற அம்மாளுக்கு இன்டர்நெட் வைத்த பட்டப்பெயர். 50 அறிஞர்களை மேடையில் மடக்கிய பரம்பரை, பில் கவுன்டரோடு மல்லுக்கு நிற்கிறது.

கேத்தரின், நீ எங்கே இருக்கிறாயோ. எப்போதாவது சினாய் பக்கம் போனால் மலையடிவாரத்து மடத்துக்குப் போ. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி கட்டியது. கட்டும்போது அதற்கு உன் பெயர் இல்லை. எலும்புகள் கிடைத்தன என்று பிற்பாடு பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே யாத்ரீகர்களுக்கு ஒரு வெள்ளி மோதிரம் கொடுக்கிறார்கள், கிரேக்க எழுத்தில் உன் பெயர் பொறித்தது. வாங்கிப் பார். பழைய ஸ்பெல்லிங்தான். எச் கிடையாது.