வந்த ரைடர்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் புதுப் பையனை எடைபோடும் முறைமை குறித்து ஓர் ஆய்வு

கபடியில் ஓர் அணிக்கு ஏழு பேர் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. இது குறைக் கணக்கு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டி ஒன்றுக்குப் போய்ப் பார்த்தால் உண்மை விளங்கும். கோட்டுக்குள் ஏழு பேர் ஆடுவார்கள். கயிற்றுக்கு வெளியே ஊரே ஆடும். உள்ளே நடப்பது விளையாட்டு, வெளியே நடப்பது மதிப்பீடு. விளையாட்டு விதிப்படி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். மதிப்பீட்டுக்கு இடைவேளையே கிடையாது.

இந்த மதிப்பீடு தன் முழுத் திறத்தையும் காட்டுவது, வெளியூரிலிருந்து ஓர் இளம் ரைடர், அதாவது எதிரணிக் கோட்டுக்குள் பாடிப்போகிறவன், புதிதாக அணிக்கு வந்து சேரும் நாளில்தான். அவன் எப்படிப் பாடுவான், நிற்பானா, கடைசி ரைடில் கை கொடுப்பானா என்பவை பற்றி ஊர் அன்று எடுக்கும் முடிவுகளும், எடுத்த முடிவை எந்தச் சான்று வந்தாலும் விடாமல் காப்பாற்றும் உறுதியும் தனி ஆய்வுக்குரியவை. இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே ஒன்றுதான்: ரசிகர்கள் எடைபோடுவது அந்தப் பையனை அல்ல, அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவரை.

முதலில் ஆய்வுக் களம். அணி மாறுவதைப் பற்றிப் பேச இந்த மண்ணைவிடத் தகுதியான மண் தமிழ்நாட்டில் இல்லை. 1995இல் திருச்சியிலிருந்து பிரித்துப் பெரம்பலூர் மாவட்டத்தை அமைத்தபோது அரியலூர் அதற்குள் போனது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச்சில் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனி. ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாறிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதுவும் போதாதென்று, மக்களவைத் தேர்தல் வந்தால் அரியலூர், ஜெயங்கொண்டம் தொகுதிகளோடு பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னமும் சிதம்பரத்துக்காக ஆடப் போய்விடுகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கிடந்த கடலே ஒருநாள் கிளம்பிப் போயிருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் ஒன்றுதான் இவ்வட்டாரத்தில் அணி மாறாத ஆட்டக்காரர்.

அயல்நாட்டு ஒப்பீடு இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், காலுக்கு அதிக வேலையில்லாத அந்தக் கால்பந்தில், குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று அவர்தான் முடிவெடுப்பார். மாணவர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதற்கென்றே 2018இல் அங்கே ஒரு பதிவேடு திறந்தார்கள். அதே 2018இல் ஓஹையோ ஸ்டேட்டிலிருந்து லூசியானாவின் எல்எஸ்யூவுக்கு ஜோ பர்ரோ என்ற இளைஞர் போய்ச் சேர்ந்தார். பழைய இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், 2019இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார். நம் ரைடரின் நிலை குவார்ட்டர்பேக்கைவிடக் கடினமானது. எறிவதற்கு அவனிடம் பந்து கிடையாது. முப்பது விநாடி மூச்சும் எதிரே ஏழு பேரும்தான் உண்டு. எறிவதென்றால் தன்னையேதான் எறியவேண்டும்.

இனிக் களப்பணி. மதிப்பீடு மைதானத்தில் தொடங்குவதாக வெளியார் நினைக்கிறார்கள். அது பஸ் நிலையத்தில் தொடங்குகிறது. பெரம்பலூர் மாவட்டத் தலைநகராக இருந்தும் அங்கே ரயில் நிலையம் இல்லை. எனவே பெரம்பலூர்ப் பக்கத்து அணிகளுக்கு வரும் பையன் பஸ்ஸில்தான் வந்தாகவேண்டும். அரியலூர்ப் பக்கத்துக்கு ரயிலிலும் வரலாம். ரயிலில் வந்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு என்பதும், அது முதல் ரைடோடு தீர்ந்துவிடும் என்பதும் கவனிக்கத்தக்கவை. பையன் தோள்பையோடு இறங்கி டீக்கடைப் பெஞ்சில் உட்காருவதற்குள் நடக்கும் உரையாடல் எல்லா ஊரிலும் ஒரே வார்ப்பு:

"யாரு கூட்டியாந்தது?"

"நம்ம செயலாளரு மச்சான் இருக்காருல்ல, அவருதான். காலேஜு டீமுல ஆடுன பையனாம்."

"அவரு கூட்டியாந்தா அப்ப வெளங்கிரும்."

இதில் பையனின் பெயர் வரவில்லை, உயரம் வரவில்லை, எத்தனை பாயின்ட் எடுத்தான் என்பதும் வரவில்லை. செயலாளரின் மச்சான் மூன்று பொங்கலுக்கு முன் கூட்டிவந்த வேறொரு பையன் அரையிறுதியில் லாபியை மிதித்து அவுட்டானதற்கான வட்டியைத்தான் இவன் தலையில் கட்டுகிறார்கள். என் கருதுகோளுக்குக் கிடைத்த முதல் சான்று இது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பையனுக்கு உண்மையில் கிடைப்பது பஸ் காசு, ராத்திரிக்குப் பரோட்டா, விடியற்காலையில் ஒரு கவர். அந்தக் கவரின் கனமோ டீக்கடைக்கு டீக்கடை கூடிக்கொண்டே போகிறது. மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள், கமிட்டிக்காரர்கள் கோயில் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்ற அளவுக்கு அது வளர்ந்திருக்கும்.

அடுத்தது உடற்பரிசோதனை. இதைச் செய்பவர் பழைய ஆட்டக்காரர். எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். முட்டியில் தழும்பு, வேட்டியை மடித்துக் கட்டும் விதத்தில் ஒரு கேப்டன்தனம். சந்தையில் காளைக்குப் பல்லும் சுழியும் பார்ப்பதுபோல அவர் பையனைச் சுற்றி ஒரு நடை நடப்பார். கெண்டைக்காலைப் பார்ப்பார். தோளைப் பார்ப்பார். கேள்வியெல்லாம் கேட்கமாட்டார். கடைசியில், "தம்பி, ஊர்ல எந்த மண்ணு?" என்பார்.

இது வம்புக் கேள்வி அல்ல, ஒரு கோட்பாடு. இரு மாவட்டங்களிலும் கரிசலும் உண்டு, செம்மண்ணும் உண்டு. கரிசலில் பழகிய கால் செம்மண்ணில் நிற்காது, செம்மண்ணில் பழகிய கால் கரிசலில் திரும்பாது, மேட் விரிப்பில் பழகிய கால் இரண்டிலும் தேறாது என்பது பழைய ஆட்டக்காரர்களின் நிலத்திணைக் கொள்கை. இதன் அழகு என்னவென்றால், பையன் எந்த மண்ணைச் சொன்னாலும் தோல்விக்கு ஒரு காரணம் தயாராகிவிடுகிறது. அறிவியல் கோட்பாடு என்றால் பொய்ப்பிக்க இடம் இருக்கவேண்டும் என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் சொன்னார். அவர் முந்திரிக் காட்டுப் பக்கம் இரவுக் கபடி பார்த்தவர் அல்லர்.

இவ்வளவும் ஆன பிறகே ஆட்டம். முதல் ரைடில் பையன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறான். தாண்டியே ஆகவேண்டிய பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறான். வெறும் ரைடு. "பயந்துக்கிட்டான்" என்று ஒரு கட்சி. "ஆழம் பாக்குறான்" என்று கூட்டிவந்தவர் கட்சி. இரண்டு கட்சியும் பார்த்தது ஒரே முப்பது விநாடியைத்தான்.

இரண்டாவது ரைடில்தான் இந்த ஆய்வின் மிக முக்கியமான தரவு கிடைக்கிறது. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, ரைடர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, பின்காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் ஒரு பாயின்ட். கோட்டையே மிதித்தால் கிடையாது. கிராமத்து மைதானத்தில் ரீப்ளே இல்லை; ஆனால் கோடு சுண்ணாம்பில் போட்டது. அரியலூர் மாவட்டம் சிமெண்ட் ஆலைகளுக்கே தீனி போடும் சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கோட்டுக்குப் பஞ்சமில்லை, தாராளமாகவே கொட்டியிருப்பார்கள். பையன் காலை வைக்கிறான், எடுக்கிறான், ஓடிவந்து நடுக்கோட்டைத் தொடுகிறான். அம்பயர் கையைத் தூக்குவதற்குள் எதிரணி ஆதரவாளர் ஒருவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "காலக் காட்டுடா!" பையன் ஒற்றைக் காலில் நின்று உள்ளங்காலைத் திருப்பிக் காட்டுகிறான். அம்பயர் குனிகிறார். இரண்டு கேப்டன்களும் குனிகிறார்கள். ஸ்கோர் எழுதுகிறவர் பேனாவோடு குனிகிறார். ஒருவர் செல்போன் விளக்கை அடிக்கிறார். பெருவிரலின் அடியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. அது சுண்ணாம்பா, பழைய வெடிப்பா என்று தெரியவில்லை. பையன் எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டுகிறான்; போகவில்லை. வெடிப்புதான் என்று ஒரு தரப்பு. சாட்சியத்தை அழிக்கப் பார்த்தான் என்று மறு தரப்பு. மைக்கில் இருப்பவர், "பார்வையாளர்கள் அமைதி காக்கவும், கால் பரிசீலனையில் இருக்கிறது" என்று அறிவிக்கிறார்.

போனஸ் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் கூட்டத்தில் கேட்ட குரல்களைக் குறித்துவைத்தேன். பையனின் வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. காலை வைத்த நேர்த்தியைப் பற்றியும் பேசவில்லை. "இதுக்குத்தான் நல்ல எடத்துல ஆளு புடிக்கணுங்கறது" என்பதே பொதுக்கருத்து.

டீக்கடைத் தொலைக்காட்சியில் இதே முறைமை பெரிய அளவில் இயங்குகிறது. தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் 2017இல் புரோ கபடி லீக்குக்குள் வந்தது. 2019இல் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். அஜய் தாக்கூரும் மஞ்சீத் சில்லரும் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். அணி கடைசி இடத்தில் முடித்தது. 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கொடுக்காத தொகை. முதல் ஆட்டத்திலேயே முட்டி போய், சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். 2024இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, பிளேஆஃப் எட்டவில்லை. 2025இல் பவன் திரும்பி வந்தார், சீசன் முடியும்வரை இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பெஞ்சில் எழுந்த கேள்வி, "யாருய்யா இவனுங்கள எடுக்குறது?"

இந்த வரிசையில் ஒரே ஒரு விதிவிலக்கு. பவன் விழுந்த அதே 2022இல், இளம் வீரர்கள் கணக்கில் வந்திருந்த நரேந்தர் என்ற ஹரியானா பையன் முதல் சீசனிலேயே 243 ரைடு பாயின்ட் எடுத்தான். அணி முதல்முறையாக அரையிறுதி வரை போய்ப் புனேரி பல்தானிடம் தோற்றது. அவனால் மட்டும் எப்படி முடிந்தது? ஓடிக்கொண்டே தொடும் கையின் நீளம், வேகம் என்றெல்லாம் நிபுணர்கள் சொல்வார்கள். என் முடிவு வேறு. அவனை நான்தான் கொண்டுவந்தேன் என்று அதுவரை யாரும் மார்தட்டிக்கொள்ளவில்லை. மார்தட்டியவர் இல்லாததால் திட்டுவதற்கு ஆள் இல்லை. திட்டு விழாததால் பையன் நிம்மதியாகப் பாடிவிட்டு வந்தான்.

நம் பையன்கள் வெளியே போவதும் உண்டு. கொள்ளிடத்துக்கு அக்கரை, தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக இருந்து கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவர் போய் இறங்கிய நாளில் பாட்னா டீக்கடையிலும் யாராவது ஒருவர், இந்த வயசான ஆளை யார் கூட்டிவந்தது என்று கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மீண்டும் மைதானம். அன்றைய ஆட்டம் விடியற்காலை முடிந்தது. பையன் ஒன்பது ரைடில் உருப்படியாகப் பாடினான், இரண்டு முறை தொடைப்பிடியில் மாட்டினான், அணி ஒரு பாயின்டில் தோற்றது. மண் கொள்கைக்காரர் மண்ணைச் சொன்னார். கவர்க் கட்சி கவரைச் சொன்னது. செயலாளரின் மச்சான் எங்கே என்று தெரியவில்லை. பையன் கைகால் கழுவிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு நடந்தான். அவனிடம் போய், "நல்லா ஆடுனப்பா" என்று சொன்ன ஒரே ஆள் எதிரணிக் கேப்டன். அடுத்த பொங்கலுக்கு அவன் எந்த அணிக்கு ஆடுவான் என்பதை யூகிக்க ஆய்வு தேவையில்லை. அப்போது அவன் நம்மை ஆல் அவுட் ஆக்கும்போது இதே பெஞ்ச் ஒரே குரலில், "அவன நாமதான் கோட்ட விட்டுட்டோம்" என்று சொல்லும்.

போட்டி நடத்தும் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர்ப் பையனை அழைத்தால் முந்தின நாளே டீக்கடைக்குக் கூட்டிவந்து காட்டாதீர்கள். நேராக மைதானத்தில் இறக்குங்கள். யாரு கூட்டியாந்தது என்று யாராவது கேட்டால், துறையூர் பஸ் என்று மட்டும் சொல்லுங்கள்.